பழைய பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்

கும்பகோணத்தில் அம்மா வீட்டு டி.வி.க்குக் கீழே பத்து வருடமாக உழைத்த ரெக்கார்டர் பெட்டி, சென்ற ஐப்பசியில் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. பல்லி என்று நினைத்து அம்மா இரண்டு நாள் விட்டுவிட்டார். மூன்றாம் நாள், பதிவு செய்து வைத்திருந்த கச்சேரி ஒன்றைப் போட்டபோது பாதியில் படம் உறைந்து நின்றது. தீபாவளிக்கு ஊருக்குப் போன நான் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் தேய்ந்துபோய், தகவலைப் படிக்கும் முள் இடம் தேடித் தடுமாறும் சத்தம் அது. இன்னும் சில வாரம் ஓடலாம், அன்றைக்கே நின்றும் போகலாம்.

டி.டி.எச். நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். மறுமுனையில் பேசிய பெண் மிகவும் பணிவாகச் சொன்னார்: “பழைய பாக்ஸைக் கொடுத்துட்டுப் புது ஹெச்.டி. பாக்ஸ் வாங்கிக்கலாம் சார். எக்ஸ்சேஞ்ச்ல பாதி விலைதான். நாளைக்கே ஆள் வருவாரு.” சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்தார்.

“ஏம்பா, திருவையாறு அதுலதானே இருக்கு?”

2018 ஜனவரியில் திருவையாற்றில் நடந்த தியாகராஜ ஆராதனையின் நேரடி ஒளிபரப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. புஷ்ய பகுள பஞ்சமியன்று காலை, காவிரிக் கரைச் சமாதியின் முன் நூற்றுக்கணக்கானோர் வரிசையாக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்துப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளையும் ஒரே குரலாகப் பாடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா, அந்த வருடம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பாடினார். ஆரபியில் இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருக்கும்போது கேமரா அந்த வரிசையைக் கடந்தது. ஐந்து நொடி அம்மா தெரிவார். கண் மூடியிருக்கும், கை தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சமாதியில் பெண்கள் உட்கார்ந்து பாட முடியாத காலம் ஒன்று இருந்தது. தன் நகைகளை விற்று அங்கே கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் போராடித்தான் அந்த வழியைத் திறந்தார். அம்மா அந்த ஐந்து நொடியைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் நாகரத்தினம்மாள் பெயரையும் சேர்த்தே சொல்வார். இப்போது அவருக்கு 76 வயது. முழங்கால் தரையில் மடங்காது. அந்த வரிசையில் இனி உட்கார முடியாது.

“அப்புறம் கூப்பிடுறேங்க” என்று போனை வைத்தேன். பெட்டியை மாற்றி, சந்தாவையும் மாற்றி முடிக்க அதிலிருந்து ஏழு வாரம் ஆயிற்று. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்ற வரிசைதான் இந்த வேலையில் உயிர்நாடி. ஆகவே செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, பழைய பெட்டியில் இருப்பதை மீட்பது. புதுப் பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன், நிறுவனத்துக்கு மறுபடி போன் செய்வதற்கும் முன். காரணம் இது. டி.டி.எச். சேனல்கள் பூட்டுப் போட்டே வானிலிருந்து இறங்குகின்றன. ரெக்கார்டர் அவற்றை அந்தப் பூட்டோடேயே டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. திறக்கும் சாவி பெட்டியிலும் அதில் செருகியிருக்கும் அட்டையிலும் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால், ‘இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?’ என்று அது கேட்கும். அவசரத்தில் சரி என்று அமுக்கினால் எல்லாம் போய்விடும். புதுப் பெட்டிக்குள் அந்த டிஸ்க்கை மாட்டினாலும் திறக்காது. சந்தா புதுப் பெட்டிக்கு மாறிய நிமிடத்திலேயே பழைய பெட்டி தன் பதிவுகளைக் காட்ட மறுத்துவிடலாம். சந்தா தீர்ந்த நாளில் பழைய பதிவையும் திறக்காத பெட்டிகள் உண்டு. மாதா மாதம் ரீசார்ஜ் செய்து நாம் சேர்த்த பதிவுகள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றின் சாவி நம்மிடம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

திறக்கும் வழி ஒன்று மிச்சம் இருக்கிறது. பல பெட்டிகளின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள், பழைய ஏ.வி. இணைப்பு. ஹெச்.டி.எம்.ஐ. வழியாகப் போகும் படத்துக்கு நகல் தடுப்புக் காவல் உண்டு. மஞ்சள் வயர் வழியாகச் சாதாரண டி.வி.க்குப் போகும் படத்துக்கு எங்கள் பெட்டியில் அந்தக் காவல் இல்லை. ஏ.வி. வயரை ஏற்றுக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் சிறிய யு.எஸ்.பி. ‘வீடியோ கேப்சர்’ கருவி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கினேன்.

இரண்டு இடத்தில் தடுமாறினேன். படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. மென்பொருளின் அமைப்பில் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. தேர்வாகியிருந்தது. நம் நாட்டுப் பெட்டிகள் அனுப்புவது பி.ஏ.எல். அதை மாற்றியதும் நிறம் வந்தது. இரண்டாவது சங்கடம், பின்னால் மூன்று துளைகளுக்குப் பதிலாக ஒரே சிறு துளை உள்ள பெட்டிகளுக்கு உரியது. எங்களுடையதும் அப்படித்தான். ஒரு முனையில் ஒற்றை ஊசியும் மறுமுனையில் மூன்று நிறமும் உள்ள வயரை அதற்கு வாங்க வேண்டும். அந்த ஊசிக்குள் எந்தக் கம்பி எதற்கு என்பது வயருக்கு வயர் மாறும். படம் வராமல் ஒலியில் ‘ர்ர்ர்’ என்று இரைச்சல் மட்டும் கேட்டால், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். எனக்கு அதில் சரியாயிற்று.

இரண்டு நிமிடம் பதிந்து, போட்டுப் பார்த்து, உதடும் ஒலியும் ஒன்றாகப் போகின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகே முழுதும் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை நகலெடுக்க ஒரு மணி நேரமே ஆகும், குறுக்கு வழி கிடையாது. சாகப்போகும் டிஸ்க் சூடானால் இன்னும் திணறும். அதனால் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பிவிட்டேன். ஆராதனையை முதலில் எடுத்தோம். வராளியில் ஓரிடத்தில் படம் மூன்று நொடி உறைந்து, மீண்டும் நகர்ந்தது. ஆரபி முழுதாக வந்துவிட்டது. அந்த இடம் வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நான்கு நாளில், அம்மா பட்டியல் போட்டுக் கொடுத்த வேறு பதினோரு கச்சேரிகளையும் எடுத்தேன். லேப்டாப்பில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. அதன் பிறகுதான் புதுப் பெட்டியைப் பற்றி யோசிக்கவே உட்கார்ந்தோம்.

அடுத்த கட்டத்துக்குத் தேவைப்பட்டவை ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும். இரண்டு வாரம், டி.வி. ஓடும்போதெல்லாம் எந்தச் சேனல், எத்தனை மணிக்கு, நேரடியாகப் பார்த்தாரா பதிவு செய்து பார்த்தாரா என்று அம்மா குறித்துவைத்தார். வாத்தியார் கையெழுத்தில் கோடு போட்ட கட்டம். பெட்டியையும் பேக்கையும் நாமாக மனக்கணக்கில் தேர்ந்தெடுத்தால், பார்க்க ஆசைப்படுவதையெல்லாம் சேர்த்துவிடுவோம். நோட்டு சொல்வது உண்மையில் பார்ப்பதை. அம்மா மாதம் 412 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த பேக்கில் 280 சேனல் இருந்தது. இரண்டு வாரத்தில் அவர் திருப்பியவை ஒன்பது. அதில் நான்கு, கட்டணமே இல்லாத சேனல்கள். பதிவு செய்து பார்த்தவை கச்சேரிகளும், இரவு பத்து மணிக்குமேல் வரும் பழைய படங்களும்தான். சீரியலை ஒருநாள்கூடப் பதியவில்லை. “அது போனா போகட்டும், மறுநாள் பார்த்தாலே புரிஞ்சிரும்” என்றார்.

நோட்டு கையில் வந்தபின் பெட்டி வகைகளைப் பார்த்தேன். இன்றைக்கு வீட்டு வாசலுக்கு வரும் பெட்டிகள் மூன்று வகை. பெட்டிக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் உள்ள ரெக்கார்டர் ஒன்று. 2008இல் டாடா ஸ்கை பிளஸ் என்ற பெயரில் அது இந்தியாவுக்கு வந்தபோது, ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்திவைத்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வரலாம் என்பதே பெரிய அதிசயமாக இருந்தது. அமெரிக்காவில் டிவோ நிறுவனம் 1999இலேயே அப்படிப்பட்ட பெட்டியை விற்கத் தொடங்கியிருந்தது. அதற்கும் முன்னால், வீட்டில் டேப்பில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமா என்று சோனியின் பீட்டாமேக்ஸ் மீது ஹாலிவுட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கு, 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு வித்தியாசத்தில் சோனிக்குச் சாதகமாக முடிந்தது. பதிந்துவைத்து நமக்கு வசதியான நேரத்தில் பார்க்கும் உரிமை அத்தனை மெல்லிய நூலில் தொங்கியிருக்கிறது.

இரண்டாவது வகை, சாதாரண ஹெச்.டி. பெட்டி. அதன் யு.எஸ்.பி. துளையில் நாமே ஒரு டிஸ்க்கை மாட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். மூன்றாவது, ஓ.டி.டி. செயலிகளோடு வரும் ஆண்ட்ராய்டு பெட்டி. விற்பவர்கள் எல்லோரும் மூன்றாவதையே கையில் திணிக்கப் பார்க்கிறார்கள். அதில் பதிவு வசதி இருக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாடல் பெயரைச் சொல்லி, “இதுல ரெக்கார்டிங் உண்டா?” என்று நேராகக் கேட்க வேண்டும். ‘எல்லாம் ஆப்பிலேயே வரும்’ என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. சீரியலும் புதுப் படமும் செயலியில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பாகும் நாகஸ்வரக் கச்சேரி அடுத்த வருடமும் ஏதோ ஒரு செயலியில் இருக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

நான் இரண்டாவது வகையைத் தேர்ந்தேன். உள்ளே டிஸ்க் இருக்கும் பெட்டியில், டிஸ்க் போனால் பெட்டியே போன மாதிரி. அதோடு, ஓடும் நிகழ்ச்சியைப் பின்னால் தள்ளிப் பார்ப்பதற்காக அந்த டிஸ்க் பெட்டி ஓடும் நேரமெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கும். எங்கள் பழைய பெட்டி பத்து வருடம் தாங்கியதே பெரிது. வெளி டிஸ்க் என்றால் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

எவ்வளவு பெரிய டிஸ்க் என்பதற்குக் கணக்கு எளிது. ஹெச்.டி. சேனல் ஒன்று நொடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறக்குறைய 2.7 ஜி.பி. சாதாரண எஸ்.டி. சேனல் 2 மெகாபிட் என்றால் மணிக்கு 0.9 ஜி.பி. 500 ஜி.பி. டிஸ்க்கில் ஹெச்.டி.யில் 180 மணி நேரத்துக்குமேல் கொள்ளும், எஸ்.டி.யில் 550 மணி நேரம். அம்மாவுக்கு அது தாராளம். டிஸ்க் வாங்கும்முன் பெட்டி எத்தனை ஜி.பி. வரை ஏற்கும் என்று கேளுங்கள். மாட்டியதும் பெட்டி அதைத் தன் முறைக்கு ஃபார்மட் செய்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆகவே கல்யாண ஆல்பம் இருக்கும் டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகிவிடாதீர்கள். பென் டிரைவில் நாள்தோறும் பதிந்தால் சீக்கிரம் கெடும். பெட்டியின் யு.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் சில டிஸ்க்குகளுக்குப் போதாது. டிஸ்க் சுழலத் தொடங்கி நிற்பது, மறுபடி தொடங்குவது என்று இருந்தால் தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் தேவை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெளி டிஸ்க்கில் பதிந்தாலும் பூட்டு பூட்டுதான். அந்த டிஸ்க்கை அந்தப் பெட்டியில் மட்டுமே பார்க்க முடியும். பெட்டி கெட்டால் பழையபடி நடுத்தெரு. நிறுவனத்தை மாற்றினால் பெட்டியும் பயன்படாது. ஒரே பெட்டியை எந்த நிறுவனத்தோடும் பயன்படுத்தும்படி செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரைத்தது. வீட்டு வாசலில் அதன் பலன் எனக்கு இன்னும் தென்படவில்லை. காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதற்கு இன்னொரு வழி தேடினேன், அது கடைசியில் வருகிறது.

மாடிக்கு ஏறிப் பார்த்ததும் அவசியமாயிற்று. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிய வேண்டுமென்றால் பெட்டியில் இரண்டு ட்யூனர் வேண்டும், டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு இரண்டு கேபிளும் வர வேண்டும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்குப் பெட்டிதான் கேபிள் வழியே 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அனுப்பி, செங்குத்து அலையா கிடை அலையா என்று சொல்கிறது. ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் போகும். செங்குத்து அலையில் வரும் சேனலைப் பார்க்கும்போது, கிடை அலையில் வரும் சேனலை அதே கேபிளில் பதிய வழியில்லை. அதற்குத்தான் இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. பழைய பெட்டிக்காகப் போட்ட இரட்டைக் கேபிள் எங்களிடம் இருந்தது. ஒன்றைக் குரங்கு கடித்திருந்தது. கோயில் ஊரில் டிஷ்ஷை ஊஞ்சலாக்கும் குரங்குகளைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். கேபிளை பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, டிஷ்ஷின் காலைக் கைப்பிடிச் சுவரோடு இன்னொரு கிளாம்ப் போட்டு இறுக்கச் சொன்னேன்.

நாங்கள் தேர்ந்த பெட்டியில் ட்யூனர் ஒன்றுதான். பார்ப்பதையே பதியலாம், அல்லது பெட்டி சும்மா இருக்கும்போது பதியலாம். நோட்டைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் பதிந்த நாள் இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்று. இரட்டை ட்யூனருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்று அம்மாவே முடிவு செய்தார்.

இனி சந்தா. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏமாறுவதற்குக் காரணம் விதிகள் தெரியாதது மட்டுமே, கணக்கு கடினமானதல்ல. டிராய் 2017இல் கொண்டுவந்து, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ரீசார்ஜ் பணத்துக்குள் இரண்டு தனித்தனித் தொகைகள் இருக்கின்றன. ஒன்று, கேபிளையும் டிஷ்ஷையும் நடத்துவதற்கான இணைப்புக் கட்டணம். ஆரம்பத்தில் அது 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய். 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று ஆக்கினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், இப்போது நிறுவனமே தீர்மானிக்கலாம். ஆகவே அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் நிறுவனம் 130இலேயே வைத்திருந்தது. இரண்டாவது தொகை, கட்டணச் சேனல்களின் விலை. ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட விலை போல அறிவித்த விலை உண்டு. எந்தச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. இவை இரண்டையும் கூட்டி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

பேக் எதற்காக இருக்கிறது என்பதும் இதில் புரியும். ஒரு சேனலை ஒளிபரப்பாளரின் தொகுப்புக்குள் சேர்க்க வேண்டுமென்றால் அதன் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொகுப்புக்குத் தரும் தள்ளுபடி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போது கணக்குப் பாருங்கள். 19, 19, 12, 6 ரூபாய் விலையுள்ள நான்கு சேனல்களைத் தனித்தனியாக வாங்கினால் 56. தொகுப்பாக வாங்கினால் 31 ரூபாய் வரை இறங்கலாம். அதில் உங்களுக்கு 19 ரூபாய்ச் சேனல்கள் இரண்டு மட்டும் வேண்டுமென்றாலும் தனியாக 38. வேண்டாத இரண்டையும் சேர்த்து வாங்கினால் மலிவு. ஒன்று மட்டும் வேண்டுமென்றால் தனியாக வாங்குவதே மலிவு. ஒவ்வொரு ஒளிபரப்பாளருக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியே போட வேண்டும். மொத்தமாக ‘பேக் நல்லதா, தனித்தனி நல்லதா’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு வேண்டிய கட்டணச் சேனல்கள் ஐந்து. ஒரே ஒளிபரப்பாளரின் மூன்று சேனல்கள் தனித்தனியாக 48 ரூபாய், அவர்களுடைய தொகுப்பு 35. தொகுப்பை எடுத்தோம். மற்ற இரண்டும் வேறு வேறு இடம், 19ம் 6ம், தனியாக எடுத்தோம். கூட்டினால் 60. இணைப்புக் கட்டணம் 130 சேர்த்து 190. ஜி.எஸ்.டி. 34.20. மொத்தம் 224 ரூபாய் 20 காசு. 412 ரூபாயில் இருந்து இறங்கியது இது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா இதையும் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டார்.

கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில இருந்தன. பதிவு வசதிக்கென்று தனி மாதக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. எங்களுக்கு இல்லை. ஒரே சேனல் எஸ்.டி.யிலும் ஹெச்.டி.யிலும் சேர்ந்து இரண்டு தடவை பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். பழைய பேக்கில் மூன்று சேனல்கள் அப்படி இருந்தன. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்றார்கள். புதுப் பெட்டி எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு வருடப் பணத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் மாதாந்திர ரீசார்ஜ், பிறகு பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டோம். எக்ஸ்சேஞ்ச் சலுகையை வேண்டாம் என்று சொல்லிப் புதுப் பெட்டிக்கு முழு விலை கொடுத்தேன். எடுத்த நகலில் ஏதாவது குறை பின்னால் தெரிந்தால், பழைய பெட்டியிடம் மறுபடி போக ஒரு வழி இருக்கட்டும் என்றுதான்.

பொருத்த வந்த பையன் வேலையில் கெட்டிக்காரன். அவன் வந்ததும் வேலையைத் தொடங்கவிடாமல் காபி கொடுத்து உட்காரவைத்து அம்மா நோட்டைக் காட்டினார். “இவ்வளவு தெளிவா யாரும் கேட்டதில்லம்மா” என்றான். கேபிள் முனையை முறுக்கி மாட்டாமல் அழுத்திப் பொருத்தும் கனெக்டரைப் போட்டான். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டான், மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். சிக்னல் பக்கத்தைத் திறந்து, தரம் எவ்வளவு காட்டுகிறது என்று எங்கள் கண் முன்னாலேயே பார்த்தான். அந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டோம். டி.டி.எச். பயன்படுத்தும் அலைவரிசை கனமழையில் தளரும், அதைத் தவிர்க்க முடியாது. வெயில் நாளிலும் தரம் குறைந்தால், டிஷ் நகர்ந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லிவிடும். புதுப் பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்காமல் திறந்த தட்டில் வைத்தோம். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் போகும் ஊர் எங்களுடையது. பதிவு நேரத்தில் கரண்ட் போனால் பதிவும் போய்விடும், அதனால் பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் இன்வெர்ட்டர் லைனிலிருந்து இணைப்பு எடுத்தோம்.

நேரடி ஒளிபரப்பைப் பதியும்போது, அட்டவணையில் இருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். முன்னால் பத்து நிமிடம், பின்னால் அரை மணி நேரம் கூட்டி வையுங்கள். பாடகர் மங்களம் பாடும்முன் பதிவு நின்றுபோன கச்சேரிகள் எங்கள் பழைய பெட்டியில் நான்கு இருந்தன.

இப்போது அந்த இன்னொரு வழி. ஆராதனையை ஒளிபரப்புவது தூர்தர்ஷன். பொதிகை என்று நாம் அழைத்து, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய சேனல். அது பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் வருகிறது. 2004இல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாதச் சந்தாவே கிடையாது. 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கி ஒரு சிறிய டிஷ், ஒரு ஃப்ரீ டிஷ் பாக்ஸ், அவ்வளவுதான். தூர்தர்ஷன் சேனல்கள் அதில் பூட்டு இல்லாமல் வருவதால், யு.எஸ்.பி. பதிவு உள்ள பாக்ஸ் வாங்கினால் பென் டிரைவில் சாதாரண வீடியோ ஃபைலாகவே விழும். கம்ப்யூட்டரில் போட்டால் ஓடும், எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்து வருடம் முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஏ.வி. வயரோடு நான் போராடியிருக்க வேண்டாம். பாக்ஸ், டிஷ், பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பென் டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்குமேல் வளராது, நீண்ட பதிவு இரண்டு மூன்று துண்டாக விழும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், வரிசையாகப் போட்டால் தொடர்ச்சியாக இருக்கும்.

சந்தா கட்டும் பெட்டி அன்றாடம் பார்த்து அழிப்பதற்கு, ஃப்ரீ டிஷ் பெட்டி வைத்துக்கொள்வதற்கு என்று வேலை பிரிந்தது. இரண்டு ரிமோட்டிலும் அம்மா காகிதம் ஒட்டி எழுதினார்.

இந்த வருட ஆராதனைக்கு முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டேன். இரவு ஒரு மணி நேரம் சோதனைப் பதிவு செய்து, லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். காலையில் எட்டரைக்கே பதிவை ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு எரிவதை அம்மா இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, நாட்டையிலிருந்து ஸ்ரீ வரை டி.வி.யோடு சேர்ந்தே பாடினார். நடுவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் தாங்கியது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவைப் போட்டோம். துண்டுகளை வரிசையாக அடுக்கி, மங்களம் வரை வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா பெண்கள் வரிசையைக் கடந்தது.

“நிறுத்து, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ.”

பத்து நொடி பின்னால் போனேன்.

“இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான். அந்த மஞ்சப் புடவை. எங்கிட்ட எட்டாவது பி-ல படிச்ச பொண்ணு.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். “தாளம் சரியாப் போடுறா பாரு.”